நுரைப்பால்னு சொல்லுங்க, 'பொங்கிய பால்' வேண்டாம்

'பாலை நன்கு பொங்க வைத்து காபியின் மேல் ஊற்றவும்.' மெஷின் இல்லாம வீட்லயே நுரை ததும்ப காபி போடறது எப்படின்னு சொல்ற குறிப்புல இந்த வரியை இந்த மாசமே நாலு தடவை படிச்சுட்டேன். என் தங்கச்சி அதை நம்பி மூணு தடவை பாலைப் பொங்க விட்டா, அடுப்பெல்லாம் பால், கப்புல ஏடு மிதக்குது, நுரைன்னு ஒண்ணுமே இல்ல.

இதெல்லாம் மொழிபெயர்ப்பு, இங்கிலீஷ் மூலத்துல இருக்கிற சொல் ஃப்ராத் (froth). அதுக்குத் தமிழ் நுரை, அவ்வளவுதான். கன்னடத்துல நொரெ, தெலுங்குல நுருகு, மலையாளத்துல நுர, எல்லாம் ஒரே வேர். குறுந்தொகை 290ல 'கல்பொரு சிறுநுரை'ன்னு வருது, பாடினவருக்கு அந்தத் தொடரே பேராகி கல்பொரு சிறுநுரையார்னு ஆயிடுச்சு. இன்னிக்கும் வெள்ளம் நுங்கும் நுரையுமா போகுதுன்னுதான் சொல்றோம். இவ்வளவு உயிரோட இருக்கிற சொல்லை விட்டுட்டு எதுக்குப் பொங்கல்?

பொங்கும்போதும் நுரைதானே வருதுன்னு கேக்கறாங்க. வருது, ஆனா அது நீராவி, மேல படியற ஏட்டுக்கு அடியில மாட்டிக்கிட்டு பாலைத் தூக்கிட்டு வருது, அடுப்பை அணைச்சா உடனே அடங்கிடும். காபிக்கு வேண்டியது வேற. அடிச்சோ குலுக்கியோ காத்தைப் பாலுக்குள்ள ஏத்தணும், பால்ல இருக்கிற புரதம் அந்தக் காத்தைச் சின்னச் சின்னக் குமிழா பிடிச்சு நிறுத்தும். அதுக்குக் கொதி நிலையே வேண்டாம், 60லேர்ந்து 65 டிகிரி சூடு போதும். அதனால பொங்க வைன்னு எழுதறவர் சொல்லை மட்டும் மாத்தல, செய்முறையையே மாத்திடறார்!

இன்னொருத்தர் 'ஆற்றிய பால்'னு போடறார். ஆத்தறது சூட்டைத் தணிக்கிற வேலைங்க, நுரை அதுல கூட வர்றது. அப்புறம் 'நுரைக்கப்பட்ட பால்'னு ஒண்ணு. பட்ட, பட்டன்னு எழுதற பழக்கத்தை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் எப்பதான் விடுவாங்களோ, நுரைச்ச பால்னு சொன்னா யாருக்குப் புரியாது? பேர்ச்சொல்லா வேணும்னா நுரைப்பால், நுரையை உடைய பால்ங்கறதால நடுவுல ப் கட்டாயம். ஒரு தடவை அடுப்பு பக்கத்துல நின்னு செஞ்சு பாத்துட்டு எழுதினா இதுல பாதித் தப்பு வராது.

அந்தக் குறிப்பை நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்: பாலைக் கொதிக்க விடாம, நல்லா சூடானதும் இறக்கு. சூடு தாங்கற மூடி போட்ட பாட்டில்ல பாதிக்கும் கீழ ஊத்தி, இறுக்க மூடி, துணியால பிடிச்சுக்கிட்டு நுரை கட்டற வரைக்கும் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் குலுக்கு. மூடியை மெதுவா திற. கரண்டியால நுரையைத் தடுத்துக்கிட்டு முதல்ல பாலை ஊத்து, நுரையைக் கடைசியா மேல அள்ளி வை.