கண்ணாடியில் முன்பே வரைந்த விளையாட்டு

1980-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற பெயரில் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் கேமின் பெயர் ‘பால்’. ஒருவன் பந்துகளை எறிந்து எறிந்து பிடிக்கிறான்; அவன் கைகளை இரண்டு பொத்தான்களால் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மற்ற நேரத்தில் அது ஒரு கடிகாரம். 1991 வரை இந்த வரிசையில் ஏறக்குறைய 60 கேம்கள் வந்தன. மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றன.

இதை வடிவமைத்தவர் குன்பெய் யோகோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகிப்போய் விலை மலிந்த ஒன்றை எதிர்பாராத இடத்தில் பயன்படுத்துவதுதான் அவருடைய பாணி. 1970களின் முடிவில் கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியில் எல்சிடி திரையும் சின்ன சிப்பும் அப்படித்தான் மலிந்து கிடந்தன. ஷார்ப் நிறுவனம் இரண்டையும் தந்தது.

அந்தத் திரையில் இன்றைய போன் திரையைப் போலப் புள்ளிகள் கிடையாது. கருவியை ரீசெட் செய்தால் பந்துகள், கைகள், எண்கள் என எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் கறுப்பாகத் தெரியும். கேமில் வரக்கூடிய ஒவ்வொரு உருவமும், அது நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும், தொழிற்சாலையிலேயே கண்ணாடியில் பதிக்கப்பட்டுவிட்டது. சிப்பின் வேலை எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது மட்டுமே.

காட்டுவதும் மறைப்பதும் எப்படி? இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம். வெளிப்பக்கம் இரண்டு போலரைசர் தாள்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), ஒன்றுக்கொன்று குறுக்காக. வெறுமனே பார்த்தால் இவ்விரண்டையும் தாண்டி ஒளி போகவே கூடாது. ஆனால் படிகத்தின் மூலக்கூறுகள் முறுக்கிய வரிசையில் நின்று ஒளியின் அதிர்வுத் திசையை 90 பாகை திருப்பிவிடுகின்றன. அதனால் ஒளி தாண்டிப் போய், பின்னால் உள்ள பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பி வருகிறது. திரை வெளுப்பாகத் தெரிகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்துகொள்ளும், முறுக்கு போய்விடும், அந்த இடம் மட்டும் கறுக்கும். ஒளி ஊடுருவும் மின்முனையைப் பந்து வடிவத்தில் வெட்டியிருந்தால் கறுப்பது பந்து வடிவம். திரை தானாக ஒளி விடுவதில்லை என்பதால்தான் பொத்தான் பேட்டரியே மாதக்கணக்கில் தாங்கியது.

இதிலிருந்து கேம் வடிவமைப்பின் முதல் விதி பிறக்கிறது: கண்ணாடியின் ஓர் இடம் ஒரே ஓர் உருவத்துக்குத்தான் சொந்தம். பந்தின் அடுத்த நிலை முந்தைய நிலையின் மேல் சிறிதும் படியக் கூடாது, நடுவே இடைவெளி வேண்டும். எனவே சீரான நகர்வு என்பதே இல்லை. திருவிழா சீரியல் பல்புகளில் வெளிச்சம் ‘ஓடுவது’ போல, ஒன்று அணைய அடுத்தது தெரிய, மீதியைக் கண் நிரப்பிக்கொள்கிறது. (90களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற ‘பிரிக் கேம்’ கருவி இதற்கு அடுத்த படி. அதில் 10-க்கு 20 எனச் சதுரங்கள் இருந்ததால் ஒரே திரையில் பல கேம்கள் முடிந்தன. ஆனால் அழகான சமையல்காரன் படம் முடியாது.)

சரி, இப்படி ஒரு கேமை நாமே வடிவமைப்போம். மேலிருந்து மூன்று தடங்களில் பழங்கள் விழுகின்றன. கீழே ஒரு கூடை. ஒவ்வொரு தடத்திலும் 4 நிலைகள். அந்தக் காலச் சிப்புகள் 4 பிட் சிப்புகள், அதாவது நான்கு 0 அல்லது 1 சேர்ந்த எண்ணை ஒரே தடவையில் கையாள்பவை என்பதால் ஒரு தடம் ஓர் எண்ணுக்குள் கச்சிதமாக அடங்கும்: பழம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எல்லாப் பழங்களும் ஒரு படி இறங்க, அந்த எண்ணை ஒரு பிட் தள்ளினால் போதும். வெளியே விழும் பிட் 1 என்றால் பழம் தரைக்கு வந்துவிட்டது; கூடை அந்தத் தடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாட்டின் இயற்பியல் முழுவதும் இவ்வளவே.

கஷ்டமான பகுதி நியாயம். இரண்டு பழங்கள் ஒரே கணத்தில் இரு ஓரங்களில் விழுந்தால் எவராலும் பிடிக்க முடியாது. தோற்றவர் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும், கருவியைத் திட்டக் கூடாது. அதற்கு நேரத்தைத் துடிப்புகளாக வெட்டி, தடங்களை முறைவைத்து நகர்த்த வேண்டும்: முதல் துடிப்பில் இடது தடம், இரண்டாவதில் நடு, மூன்றாவதில் வலது, பிறகு மறுபடி இடது. ஒரே துடிப்பில் இரண்டு பழங்கள் விழவே முடியாது.

இது மட்டும் போதாது. ஒரு துடிப்புக்குள் பொத்தானை ஒரு முறைதான் அழுத்த முடியும் என்று வைத்துக்கொள்வோம். இடது பழம் விழுந்த அடுத்த துடிப்பில் நடுவில் விழுந்தால் ஓர் அழுத்தம், சமாளிக்கலாம். வலதில் விழ இரண்டு துடிப்புகள் ஆகும், இரண்டு அழுத்தங்கள், அதுவும் சரி. சிக்கல் ஒரே ஒரு இடத்தில்: வலது பழம் விழுந்த மறு துடிப்பே இடதின் முறை. தூரம் இரண்டு, நேரம் ஒன்று.

இதைத் தவிர்க்க விழும்போது எதுவும் செய்ய வேண்டாம். எந்தப் பழமும் 4 நிலைகளையும் கடக்க, நிலைக்கு 3 துடிப்பு வீதம், 12 துடிப்பு எடுக்கும். இது மாறாத கணக்கு. புறப்படும்போதே விழும் நேரம் தெரியும்; புறப்பாட்டில் உள்ள இடைவெளி அப்படியே விழுவதிலும் இருக்கும். எனவே வலதில் இப்போது ஒரு பழம் புறப்பட்டிருந்தால், அடுத்த துடிப்பில் இடதில் புறப்படக் கூடாது. நிரலில் ஒரே ஒரு வரி. மற்றபடி எந்தத் தடம் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடலாம்.

வேகம் கூட்டுவதென்றால் துடிப்பைச் சுருக்கினால் ஆயிற்று. மேலே போட்ட கணக்கு கெடாது. காட்சியைக் கண்டு கை அசைய மனிதருக்குச் சுமார் கால் நொடி ஆகும். ஆனாலும் துடிப்பு அதைவிடச் சின்னதாகப் போகலாம், ஏனெனில் பழம் 12 துடிப்புக்கு முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது. வரம்பு விரலின் வேகம்தான். வேகத்தை ஏற்றிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு நூறு புள்ளிக்கும் கொஞ்சம் தளர்த்துங்கள்; அந்த மூச்சு இல்லாவிட்டால் ஆட்டம் தண்டனையாகிவிடும். அப்புறம் ஒலி. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு ‘பீப்’, தடத்துக்குத் தடம் சுருதி மாற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஆடுபவர் காதாலும் ஆடத் தொடங்குவார்.

செய்து பார்க்க, பள்ளிகளில் பயன்படும் பிபிசி மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை போதும். அதில் 5-க்கு 5 என 25 சிவப்பு எல்இடிகளும் இரண்டு பொத்தான்களும் உண்டு. முதல், மூன்றாம், ஐந்தாம் நெடுவரிசைகள் தடங்கள். கீழ் வரிசையில் கூடை. இதற்கு 15 விளக்குகள் போக, இடையில் இரண்டு நெடுவரிசைகள் சும்மா இருக்கும். அவற்றில் ஒன்றைத் தவறவிட்ட பழங்களுக்குக் கொடுத்து, மூன்று எரிந்ததும் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளியை ஓடவிடலாம். இன்னொன்றை அணைத்தே வையுங்கள். இருக்கிற விளக்கையெல்லாம் எரியவிட்டால் எது பழம் என்றே தெரியாது.