இரண்டாவது கோடு

கர்ப்பமா என்று பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் வீட்டில் இனிப்பு. அதே பெண் பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ரத்தப் பரிசோதனைக்குப் போய், வேறோர் அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் எல்லோர் முகமும் வாடிவிடுகிறது. சீட்டில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்றிருக்கும். "எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே" என்பார்கள். வந்திருக்காதுதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் கண்ணை மஞ்சளாக்காமல், பசியைக் கெடுக்காமல் இருபது முப்பது வருடம் கல்லீரலில் குடியிருக்கும். பலருக்கு அது பிறக்கும்போதே தங்கள் தாயிடமிருந்து வந்ததாக இருக்கும்.

அந்த அட்டை தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தை; அதன் பெயர்தான் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இந்த வைரஸ் ஒரு விசித்திரமான ஊதாரி. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரக்கணக்கில் வெற்று உறைகளைச் செய்து ரத்தத்தில் கொட்டும். அதனால்தான் சில சொட்டு சீரத்திலேயே (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பிடிபட்டுவிடுகிறது. அட்டையின் ஓரத்தில், தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதங்கள் உலர்ந்த நிலையில் இருக்கும். சீரம் பட்டதும் அவை உறைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு நகரும். 'டி' என்ற இடத்தில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்புரதம் அவற்றை மடக்கிப் பிடிக்க, செந்நிறக் கோடு தெரியும். அட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு விழாவிட்டால் அட்டையே செல்லாது. வேறு அட்டையில் செய்ய வேண்டும். மங்கலான 'டி' கோடும் பாசிட்டிவ்தான். குறித்த நேரம், பெரும்பாலும் 15 நிமிடம், கடந்து வெகுநேரம் கழித்துப் பார்த்தால் பொய்க்கோடு தெரியக்கூடும்.

குழந்தைக்குத் தொற்றுவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில், தாயின் ரத்தமும் திரவமும் படும்போது. தாய்க்கு, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ ஆன்டிஜெனும்' இருந்து, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், 10 குழந்தைகளில் 7 முதல் 9 வரை தொற்றும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு மேல் உடலே விரட்டிவிடும். பச்சிளங்குழந்தையின் உடலுக்கு அது அந்நியம் என்றே தெரியாது. தொற்றிய 10-ல் 9 பேருக்கு நிலைத்துவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வருவது இவர்களில் சிலருக்கு.

ஆனால் இந்த வைரஸ் நிதானமானது. கிருமி நுழைந்து நோய் வெளிப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் நாம் முந்துகிறோம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடைத் தசையில் 0.5 மில்லி தடுப்பூசி போட்டால், வைரஸ் வேரூன்றுமுன் குழந்தையின் உடல் எதிர்ப்பைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். பாசிட்டிவ் தாயின் குழந்தைக்கு, மறு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் 100 யூனிட்டும் சேர்த்துப் போடுவது நல்லது. அது வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆயத்த எதிர்ப்புரதம். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் காக்கும். விலை அதிகம், எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. எனவே இரண்டாவது கோடு விழுந்தவர்கள், எங்கே பிரசவம், அங்கே அந்த மருந்து உண்டா என்று எட்டாம் மாதத்துக்குள் கேட்டு வைக்க வேண்டும்.

தவறுவது எங்கே? தடுப்பூசிக் குப்பி பத்து டோஸ் கொண்டது. ஒரு குழந்தைக்காகத் திறந்தால் ஒன்பது வீண் என்று தள்ளிப்போடுவதுண்டு. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. குப்பிக்கு அது உண்மை; கரைத்த நான்கு மணி நேரத்தில் கொட்ட வேண்டும். ஹெபடைடிஸ் பி குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்தலாம். அடுத்தது உறைபனி. வெயில் ஊர் என்பதால் எல்லோருக்கும் சூட்டைப் பற்றியே பயம். இந்த மருந்து ஓரளவு சூட்டைத் தாங்கிவிடும், உறைந்தால் போச்சு. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை நேராகப் பெட்டியில் அடுக்கி வத்தல்மலைக்கோ அஞ்செட்டிக்கோ கிளம்பக் கூடாது. ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்துவிட்டு அடுக்க வேண்டும். குப்பியின் வட்டக்குறி சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

இன்னொன்று நம் வழக்கம். ஓசூரில் பதிவு, தலைப்பிரசவம் அரூரில் தாய் வீட்டில். ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். வலி வந்தபின் ஓடுகிற இடத்தில் யாருக்கும் விவரம் தெரியாது. சீட்டை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டாலே பாதி சிக்கல் தீரும்.

ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால், ஊசிகளையும் மீறித் தொற்றலாம். அவர்களுக்கு 28-வது வாரம் முதல் தினமும் டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை கொடுப்பார்கள். முடிவு வர நாளாகும் என்பதால் ரத்தம் அதற்கு முன்பே போயாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. கல்லீரல் அழற்சி திடீரென ஏறும்.

கீழாநெல்லி? வைரஸ் நீங்குகிறது என்று சென்னை ஆய்வு ஒன்று 1988-ல் சொன்னது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் ஒருவர். பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தட்டும் டம்ளரும் தனியாக வைப்பது அந்தப் பெண்ணை நோகடிப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. தனியாக இருக்க வேண்டியவை பிளேடும் பல் துலக்கும் பிரஷும். கணவருக்கும் பரிசோதனை செய்து, நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில், ஹெபடைடிஸ் பி தடுப்பும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி. பலன் கிடைத்ததா என்று பார்க்க அவசரப்பட வேண்டாம். ஒன்பது மாதத்துக்கு முன் பார்த்தால், பிறந்தபோது போட்ட ஆயத்த எதிர்ப்புரதமே மிச்சமிருந்து ஏமாற்றும். 9 முதல் 12 மாதத்துக்குள் ரத்தம் எடுத்து, எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், எதிர்ப்புரத அளவு 10 அல்லது அதற்கு மேல் என்று வந்தால், அந்தக் குழந்தை தப்பித்துவிட்டது.