திரையில் எதற்குப் 'பிரதிநிதித்துவம்'?

"இந்தக் குறும்படத்தில் கறுப்பின மக்களின் பிரதிநிதித்துவம் குறிப்பிடத்தக்கது." சினிமா பற்றிய மொழிபெயர்ப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நடித்தவர்களை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பி வைக்கவில்லையே.

இப்படிப் 'பிரதிநிதித்துவம்' என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கில 'ரெப்ரசென்டேஷன்' லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது என்பது அடிப்படைப் பொருள், ஊருக்காக ஒருவர் சபையில் போய்ப் பேசுவது என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. நம் 'பிரதிநிதி' வடசொல், ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். ஆக, பிற்பாடு சேர்ந்த பொருளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். மக்கள் பிரதிநிதி, இலங்கையின் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று சொல்லும்போது கச்சிதமான சொல், அங்கே கைவைக்க வேண்டாம்.

படத்துக்கு வரும்போதுதான் சிக்கல். 1898இல் சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்த 'சம்திங் குட் – நீக்ரோ கிஸ்' ஒரு நிமிடம்கூட ஓடாது. செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற இரண்டு கறுப்பின மேடைக் கலைஞர்கள் முத்தமிட்டு, சிரித்து, விலகி, கைகளை விடாமல் மறுபடியும் நெருங்குகிறார்கள், அவ்வளவுதான். 2018இல் அதை அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், அதாவது பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். அந்தக் காலத்து மின்ஸ்ட்ரல் மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாக ஆடிக் காட்டினார்கள். அதாவது கறுப்பரைப் பற்றிய காட்சி ஏராளம், ஆனால் அந்தக் கரிக்குப் பின்னால் இருந்தவர் பெரும்பாலும் கறுப்பர் இல்லை. சரி, அங்கே 'பிரதிநிதித்துவம்' இருந்ததா, இல்லையா? அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் யார் இடம்பெற்றார்கள் என்பது ஒரு கேள்வி, எப்படிச் சித்தரிக்கப்பட்டார்கள் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு 'இடம்பெறுதல்', இரண்டாவதற்குச் 'சித்தரிப்பு' என்று பிரித்து எழுதினால் எல்லாம் தெளிவாகிவிடும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'பிரதிநிதித்துவம்' என்பதற்குப் பதிலாகச் 'சார்பாண்மை' என்கிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இது வடசொல்லை வெளியே அனுப்பிவிட்டு அதன் தவறான பொருளை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது. போதாக்குறைக்கு, 'சார்பு' என்றாலே இன்று ஒருபக்கம் சாய்வது என்றுதான் காதில் விழுகிறது. 'படத்தில் கறுப்பினச் சார்பாண்மை' என்று எழுதினால், இயக்குநர் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று வாசகர் நினைத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு என்ன? சித்தரிப்பும் 'சித்திரம்' வழியாக வந்த வடசொல்தானே என்று கேட்பார்கள். ஆமாம். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் புரிகிற சொல்லும்கூட, எனக்கு அதுதான் முக்கியம். தமிழ் வேர்தான் வேண்டுமென்றால் 'காட்டியிருக்கும் முறை' என்று எழுதுங்கள், ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம்.

கூடவே, ஆங்கில 'டைவர்சிட்டி'க்கு வரும் 'பன்முகத்தன்மை'யும் அப்படித்தான். ஒரே ஆளுக்குப் பல திறமை இருந்தால் பன்முகம், பலவகை மனிதர்கள் இருந்தால் 'பல்வகைமை'. உயிர்ப் பல்வகைமை என்று ஏற்கெனவே எழுதுகிறோமே.

அந்த முதல் வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: "இந்தக் குறும்படத்தில் கறுப்பின மக்களே இடம்பெறுகிறார்கள், கேலியில்லாமல், காதலர்களாகச் சித்தரிக்கப்படுகிறார்கள்."