வயலினை நிறுத்துங்கள், வழியைச் சொல்லுங்கள்

வயலின் மெல்ல இழைய ஆரம்பிக்கும். திரையில் சக்கர நாற்காலியின் சக்கரம் மட்டும் தெரியும். அடுத்து அம்மாவின் கண்ணீர். கடைசியில் ஒரு லோகோ, வங்கிக் கணக்கு எண். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளைப் பற்றிய வீடியோ என்றாலே இதுதான் அச்சு. நன்கொடை திரட்ட உதவலாம். ஆனால் ஆறு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்க்கும் ஒரு தாய்க்கு இதில் என்ன கிடைக்கிறது? எங்கே போக வேண்டும், எந்தக் காகிதம் கொண்டுபோக வேண்டும், காசு கேட்பார்களா, போனால் குழந்தையை என்ன செய்வார்கள்? ஒன்றுக்கும் பதில் இருக்காது.

மறுவாழ்வுப் பணியில் இருக்கிறேன். சிகிச்சை வேலையோடு வீடியோவும் ஆடியோவும் தயாரிக்கும் வேலையும் எப்படியோ என் தலையில் வந்து சேர்ந்தது. கதை எழுத உட்கார்ந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதைப் பார்த்து முடித்தவர் நாளைக் காலையில் என்ன செய்வார்?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சோறூட்டுவதை எடுத்துக்கொள்வோம். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளி கட்டும், சில நேரம் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் பழையபடி படுக்க வைப்பார்கள். அதே நிலையில் உள்ள பிள்ளையை வளர்க்கும் இன்னொரு தாய் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, அரைக் கரண்டி குழைந்த பருப்புச் சோற்றை வாயருகே கொண்டுபோகிறார். விழுங்கும்வரை காத்திருக்கிறார். "தலைய பின்னால சாய விடாதீய. முழுங்குனப் பொறவு அடுத்த வாய் குடுங்க" என்கிறார். அந்தக் காத்திருப்பை எடிட்டிங்கில் வெட்டிவிடக் கூடாது. எடிட்டர்கள் அங்கேதான் கத்திரி வைப்பார்கள். "இழுக்குது மேடம்" என்பார்கள். இழுக்கட்டும். சொல்ல வந்த விஷயமே அந்த இழுவையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான படக்கதை. காது பரிசோதனைக்குப் போகும் நாளில் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் போட்டோக்கள்: மருத்துவமனை வாசல், காத்திருக்கும் பெஞ்சு, பரிசோதனை அறைக் கதவு, காதில் மாட்டும் ஹெட்போன், திரும்பி வரும் பஸ். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி, அம்மாவின் குரலில். அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. போகப்போகும் அதே இடத்தில் படம் எடுப்பது முக்கியம். வேறு ஊர் ஆஸ்பத்திரியின் பளபளப்பான படத்தைக் காட்டிவிட்டு நம் ஊர் வராந்தாவில் நிறுத்தினால், குழந்தை அலறுவதில் நியாயம் இருக்கிறது.

சேவையைப் பற்றிய கதை, சேவை யாருக்கோ அவருக்கே எட்டாமல் போவதுதான் பெரிய கூத்து. முகாம் அறிவிப்பை அழகான போஸ்டராக வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பார்வையற்றவரின் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் அதை வெறும் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். தேதி, இடம், நேரத்தைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அதிலும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து வேண்டும். வானவில், பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்து பிடிஎஃப் ஆக்கினால், திரைவாசிப்பான் 'ழ'வையும் 'ண'வையும் ஆங்கிலக் குப்பையாகத்தான் வாசிக்கும்.

வீடியோவிலும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யூடிஐடி அட்டையைப் பற்றிப் பேசும்போது, அலுவலர் அட்டையைக் கையில் தூக்கிக் காட்டி "இது கிடைக்கும்" என்பார். எது? குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று வாயால் சொன்னால்தான் பார்க்க முடியாதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். காதுகேளாதோருக்குத் தமிழ் வசன வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர்களில் பலருக்கு வேகமாக ஓடும் எழுத்துத் தமிழ் கைகொடுக்காது. சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரைத் தபால்தலை அளவில் மூலையில் ஒட்டினால் விரலும் தெரியாது, முகபாவமும் தெரியாது.

இதெல்லாம் கருணையில் செய்வதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஒலி விவரிப்பு (காட்சியில் இருப்பதைக் குரலில் சொல்வது), சைகை மொழி, வசன வரி மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மின்னணு ஊடகங்கள் எல்லோருக்கும் எட்டுவதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. 2024 ஜூலையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகங்களுக்கு வழிகாட்டுதல் தந்தது: மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்காதீர்கள், மறுகோடிக்குப் போய் அசகாய சூரர்களாகவும் காட்டாதீர்கள். இரண்டாவதுதான் நம் துறையில் அதிகம். கையில்லாதவர் காலால் எழுதினால் ஒரு லட்சம் பேர் பகிர்கிறார்கள். அவர் தேர்வு எழுதிய பள்ளியில் சாய்தளம் இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒப்புதல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பது பாதி ஒப்புதல்தான். இன்று எச்சில் வழிய நாம் படமெடுக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, நாளை கல்லூரிக்குப் போகும். கூடப் படிப்பவர் எவரோ அந்த வீடியோவைத் தேடி எடுப்பார். அதனால் ஊட்டும் கையையும் உட்காரும் நிலையையும் காட்டினால் போதுமென்றால் முகத்தை விட்டுவிடலாம். பேசிப் புரிந்துகொள்ளும் வயது வந்த குழந்தையானால், எடிட் செய்ததை முதலில் அதற்கே போட்டுக் காட்ட வேண்டும். "இது வேணாம்" என்று சொன்ன காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் போய்விட வேண்டும். பின்னாளில் எடுத்துவிடச் சொன்னாலும் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போனது திரும்பி வராது என்பதை ஒப்புதல் வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நேர்மை.

கடைசி பத்து விநாடியில் வரும் போன் எண்ணைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது. நிதானமாக இரண்டு முறை வாசிக்கவும் வேண்டும். அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்திலும். காதுகேளாதவர் போன் போட்டுப் பேச மாட்டார் என்பதால் அதே எண்ணில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பும் வேலை செய்ய வேண்டும், மறுமுனையில் சைகை தெரிந்த ஒருவரோடு.