பூட்டாத வாய்ஸ்மெயிலை நிருபர் கேட்கலாமா? பிரிட்டன் சட்டமும் பத்திரிகை விதியும் சொல்வது

கேட்கக் கூடாது. பிரிட்டனில் ஒருவரின் வாய்ஸ்மெயில் பெட்டிக்குள் அவர் அனுமதி இல்லாமல் போய், அங்கே சேர்ந்திருக்கும் செய்தியைக் கேட்பது குற்றம். பின் நம்பர் போட்டு வைத்த பெட்டிக்கும், எதுவும் போடாமல் விட்ட பெட்டிக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது. ஆனால் ‘பொதுநலனுக்காகத்தான் கேட்டேன்’ என்று நிருபர் சொன்னால் அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. மூன்று சட்டங்களும் ஒரு பத்திரிகை நடத்தை விதியும் இதில் வருகின்றன. ஒன்றில் இருக்கும் விலக்கு இன்னொன்றில் இல்லை. நிருபர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெட்டி எப்படித் திறந்து கிடந்தது

வாய்ஸ்மெயில் கைபேசிக்குள் இருப்பதில்லை, போன் கம்பெனியின் கணினியில் இருக்கிறது. கைபேசி கையில் இல்லாதபோதும் கேட்க வசதியாக, வேறு எந்த போனிலிருந்தும் அழைத்து, 4 இலக்க பின்னைத் தட்டிச் செய்திகளைக் கேட்கும் முறையைக் கம்பெனிகள் வைத்திருந்தன. 2000-களின் தொடக்கத்தில் அந்த பின் பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றேதான்: கம்பெனி முதலில் போட்டுக்கொடுத்த, யாரும் ஊகிக்கக்கூடிய எண். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. தெரியாததை எப்படி மாற்றுவார்கள்? மாற்றி வைத்தவர்களையும் ஒட்டுக்கேட்டவர்கள் விடவில்லை. கம்பெனி ஊழியர்போல வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, பின்னைப் பழைய எண்ணுக்கே திருப்ப வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகைத் தரப்பு இப்படி ஒட்டுக்கேட்டது வெளியே தெரிந்த விதம் கவனிக்கத்தக்கது. 2005 நவம்பரில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற பிரிட்டிஷ் ஞாயிறு இதழில் இளவரசர் வில்லியமின் முழங்கால் காயம் பற்றி ஒரு சின்னச் செய்தி வந்தது. அரண்மனைக்குள் சிலருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. அதே காலத்தில் அரண்மனை ஊழியர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். தாங்கள் இன்னும் கேட்காத செய்திகள், ஏற்கெனவே கேட்டவை என்ற வரிசையில் கிடந்தன. போலீஸ் விசாரணை தொடங்கியது. அந்த இதழின் அரச குடும்பச் செய்தியாளர் கிளைவ் குட்மனுக்கு 4 மாதமும், அதற்காக வேலை செய்த தனியார் துப்பறிவாளர் கிளென் மல்கேருக்கு 6 மாதமும் 2007 ஜனவரியில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

முதல் சட்டம்: இடைமறிப்பு

அன்று நடப்பில் இருந்தது 2000-ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகார ஒழுங்குமுறைச் சட்டம். தகவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அனுமதியின்றி இடைமறிப்பது அதன்படி குற்றம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. இதில்தான் ஒரு சட்டச் சிக்கல் கிளம்பியது. உரியவர் ஒருமுறை கேட்டுவிட்டுப் பெட்டியிலேயே விட்ட செய்தி ‘போய்க்கொண்டிருக்கிறதா’, போய்ச் சேர்ந்துவிட்டதா? போய்ச் சேர்ந்துவிட்டது, ஆகவே இடைமறிப்பு இல்லை என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் வாதிட்டார்கள். 2013-இல் எட்மண்ட்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரியவர் மறுபடி எடுத்துக் கேட்கும்படி செய்தி கம்பெனியின் அமைப்பில் கிடக்கும் வரை அது பயணத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது.

பிறகு வந்த 2016 புலனாய்வு அதிகாரச் சட்டம் இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. செய்தி அனுப்பப்படுவதற்கு முன்போ பின்போ அமைப்பில் சேமித்திருக்கும் எந்த நேரமும் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். தண்டனை அதே 2 ஆண்டு வரை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குத் தொடர அரசு வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும்.

நிருபர்கள் மனதில் வைக்க வேண்டியது: இந்தக் குற்றத்துக்குப் பொதுநலன் என்ற எதிர்வாதம் சட்டத்திலேயே கிடையாது. ஊழலைத்தான் தேடினேன் என்பது நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லை என்று ஆக்காது.

மற்ற இரண்டு சட்டங்கள்

1990 கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி, தனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தே ஒரு கணினியிலுள்ள தகவலை அணுகுவது குற்றம். இதற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. கடவுச்சொல்லை உடைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அனுமதி இல்லை, அது அவருக்குத் தெரியும், இந்த இரண்டும் போதும். ‘பின் நம்பரே இல்லை, அழைத்ததும் திறந்தது’ என்ற சமாதானம் விழுந்துபோவது இங்கே. தவறிப்போய் வேறொருவரின் பெட்டிக்குள் இணைப்பு கிடைத்தால் அது வேறு. அங்கே உள்நோக்கம் இல்லை. ஆனால் யாருடைய பெட்டி என்று புரிந்த பிறகும் அடுத்த செய்தி, அதற்கடுத்த செய்தி என்று கேட்டுக்கொண்டே போனால், தவறிப்போனேன் என்று சொல்ல முடியாது. போனை வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 170-வது பிரிவு. தனிநபர் தகவலை, அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதமின்றி எடுப்பது குற்றம். தண்டனை அபராதம் மட்டும். மூன்றில் இது ஒன்றில்தான் இதழியலுக்கு வெளிப்படையான பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. வெளியிடும் நோக்கத்துடன், அந்தச் சூழலில் பொதுநலன் கருதி அது நியாயம் என்று நிருபர் தக்க காரணத்துடன் நம்பியிருந்தால் அது எதிர்வாதமாகும். இந்தப் பாதுகாப்பைப் படித்துவிட்டு வாய்ஸ்மெயிலுக்கும் செல்லும் என்று நினைப்பது ஆபத்து. அதே செயல் முதல் இரண்டு சட்டங்களின்கீழும் வரும், அங்கே இந்தக் கதவு இல்லை.

வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்ற கட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அரசு வழக்குத் தொடர்வுத் துறை 2012 செப்டம்பரில் ஊடக வழக்குகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டி, நிருபரின் செயலால் பொதுநலனுக்குக் கிடைத்தது அதிலுள்ள மொத்தக் குற்றத்தன்மையைவிடப் பெரிதா என்று எடைபோடச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் யார், ஒருமுறை செய்ததா வழக்கமாகச் செய்ததா, அதே தகவல் நேர்வழியில் கிடைத்திருக்குமா என்பதெல்லாம் பார்க்கப்படும். இது உரிமை அல்ல, அதிகாரியின் முடிவு. செய்வதற்கு முன் யாரும் உங்களுக்கு உறுதி தர மாட்டார்கள்.

பத்திரிகை நடத்தை விதி

இப்சோ என்ற பத்திரிகைத் தர அமைப்பு 2014 செப்டம்பரில் தொடங்கியது. அதன் கீழ் உள்ள பத்திரிகைகளுக்கு ஆசிரியர்களின் நடத்தை விதித்தொகுப்பு பொருந்தும். அதன் 10-வது விதி, தனியார் தொலைபேசி அழைப்புகள், செய்திகள், மின்னஞ்சல்களை இடைமறித்துப் பெற்றதையும், டிஜிட்டலாக வைத்திருக்கும் தகவலைச் சம்மதமின்றி அணுகிப் பெற்றதையும் தேடவும் கூடாது, வெளியிடவும் கூடாது என்கிறது. துப்பறிவாளரையோ இடைத்தரகரையோ வைத்துச் செய்தாலும் பொறுப்பு பத்திரிகைக்கே.

இந்த விதிக்குப் பொதுநல விலக்கு உண்டு: குற்றத்தை அல்லது பெரிய முறைகேட்டை அம்பலப்படுத்துவது, பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, மக்கள் ஏமாற்றப்படுவதைத் தடுப்பது போன்றவை. ஆனால் அந்தச் செயல் பொதுநலனுக்கு உதவும், அளவுக்கு மிஞ்சாது என்று அந்த நேரத்திலேயே தக்க காரணத்துடன் நம்பியதையும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதையும் ஆசிரியர் காட்ட வேண்டும். அதற்கு எழுத்தில் பதிவு வேண்டும்: தேதி, யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது, வேறு வழி ஏன் இல்லை. செய்தி வந்த பிறகு தேடிச் சேர்க்கும் காரணம் எடுபடாது. விதியின் விலக்கு கிடைத்தாலும் சட்டத்தின் குற்றம் அப்படியே நிற்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடினமான இரண்டு நிகழ்வுகள்

கார்டியன் இதழின் டேவிட் லீ, ஊழல் செய்த ஓர் ஆயுத நிறுவன அதிகாரியின் வாய்ஸ்மெயிலை ஒருமுறை கேட்டதை 2006-இல் தானே எழுதினார். அந்த அதிகாரி தன் பின் நம்பரை ஓர் அச்சுத்தாளில் விட்டிருந்தார். அதை வைத்து நேரே பெட்டிக்குள் போயிருக்கிறார். இலக்கு ஊழல், பிரபலங்களின் அந்தரங்கம் அல்ல என்பது உண்மையிலேயே முக்கியமான வேறுபாடு. இருந்தாலும் அதே பெட்டிக்குள் அவருக்குச் செய்தி விட்ட, ஊழலோடு சம்பந்தமில்லாத மற்றவர்களின் குரலும் காதில் விழும். கேட்கத் தொடங்கும் முன் அதைப் பிரிக்க வழியில்லை. வாய்ஸ்மெயிலின் தனிக் கோளாறே இதுதான்.

மற்றொன்று மின்னஞ்சல் பற்றியது. இறந்ததாக நாடகமாடிய ஜான் டார்வினின் மின்னஞ்சலை ஸ்கை நியூஸ் நிருபர் திறந்தார். செய்திப் பிரிவின் தலைமை முன்கூட்டியே ஒப்புதல் தந்திருந்தது, கிடைத்ததைப் போலீஸிடம் கொடுத்தார்கள். 2013-இல் வழக்குத் தொடர்வதில்லை என்று முடிவானது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமும் அசாதாரணமான பொதுநலன் இருந்தது என்று சொல்லி விதிமீறல் இல்லை என்றது. இரண்டு முடிவுகளும் சம்பவம் நடந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தன.

இவற்றுக்கு நேர் எதிர்ப்புறம் மில்லி டவ்லர். 13 வயதுச் சிறுமி, 2002 மார்ச் 21 அன்று சர்ரேயில் காணாமல் போனாள், பின்னர் கொலையானது தெரிந்தது. தேடல் நடந்துகொண்டிருந்தபோதே நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் தரப்பு அவள் வாய்ஸ்மெயிலைக் கேட்டது. அதில் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம் விட்ட செய்தி இருந்தது. அது வேறொருவருக்கு விட வேண்டியது, எண் மாறி வந்தது. அதை நம்பி, சிறுமி உயிரோடு வேலை தேடுகிறாள் என்று கருதி ஆட்களை அனுப்பினார்கள். போலீஸுக்கு உடனே சொல்லவும் இல்லை. இதழ்த் தரப்பினருக்குத் தண்டனை வழங்கிய நீதிபதி பின்னாளில் அந்தத் தாமதத்தைக் கண்டித்தார். இன்னொரு தொழில்நுட்ப விவரம்: அந்தப் பெட்டியில், கேட்ட செய்தி 72 மணி நேரத்தில் தானாக அழியும். தடயம் இருக்கும் பெட்டியை ‘சும்மா கேட்டாலே’ அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சிறுமியின் பெட்டியைக் கேட்டது 2011 ஜூலையில் வெளியானதும் அதே மாதம் 10-ஆம் தேதி இதழ் மூடப்பட்டது, பத்திரிகைகளின் நடத்தையை ஆராய லெவிசன் விசாரணை அமைக்கப்பட்டது. முன்னாள் ஆசிரியர் ஆண்டி கோல்சனுக்கு 2014-இல் 18 மாதச் சிறை.

யாராவது பதிவை உங்களிடம் கொண்டுவந்தால்

செய்தியைப் பெற்றவரே தன் பெட்டியைத் திறந்து உங்களுக்குப் போட்டுக் காட்டினால் அது இடைமறிப்பு ஆகாது. செய்தி விட்டவரின் அந்தரங்க உரிமை மட்டும் மிச்சம் இருக்கும், வெளியிடும்போது அதைத் தனியாக எடைபோட வேண்டும். வேறொருவர் பெட்டியிலிருந்து எடுத்த பதிவு கைக்கு வந்தால் எப்படி எடுத்தார் என்று முதலில் கேளுங்கள், வழக்கறிஞரிடம் காட்டும் வரை பிரதி எடுக்காதீர்கள். ‘இன்னும் இருந்தால் கொண்டு வா’ என்று ஒரு வார்த்தை சொன்னாலே தூண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

உங்கள் பெட்டியை யாரோ கேட்டதாகச் சந்தேகம் வந்தால்

முதலில் பின்னை மாற்றுங்கள், வேறு போனிலிருந்து கேட்கும் வசதி வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காத செய்தி ‘கேட்டது’ என்று கிடந்தால் தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். உங்களைப் பற்றிய தரவைத் தரும்படி போன் கம்பெனிக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். மற்றவர்களின் எண்களை மறைத்துத் தரலாம், போலீஸ் கேட்டால் கதை வேறு. அழைப்புப் பதிவுகளை 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும்படி அரசு கம்பெனிகளுக்கு உத்தரவிட முடியாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்சோவில் புகார் இலவசம். செய்தி வந்த அல்லது செயல் நடந்த 4 மாதத்துக்குள் தர வேண்டும். இணையத்தில் இன்னும் இருக்கும் செய்தி என்றால் 12 மாதம் வரை ஏற்கலாம். புகாரில் திருத்தமும் தீர்ப்பை வெளியிடும் கட்டளையும் கிடைக்கும், இழப்பீடு கிடைக்காது. கார்டியன் போன்ற சில இதழ்கள் இப்சோவில் இல்லை, அங்கே அவர்களின் சொந்தப் புகார் முறைக்குப் போக வேண்டும்.

இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்குத்தான். செய்தியாக அச்சேறாவிட்டாலும், கேட்டதற்கே இழப்பீடு உண்டு என்பது 2015-இல் மிரர் பத்திரிகைக் குழுமத்துக்கு எதிரான குலாத்தி வழக்கில் உறுதியானது. அதில் 8 பேருக்குக் கிடைத்ததில் அதிகபட்சத் தொகை 2,60,250 பவுண்டு. கால வரம்பு 6 ஆண்டு. மறைத்துச் செய்த செயல் என்றால், நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்தோ நியாயமான முயற்சியில் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அது ஓடும். இந்த இரண்டாவது பகுதியில்தான் பலர் தோற்கிறார்கள். அதே குழுமத்துக்கு எதிராக 2023 டிசம்பரில் இளவரசர் ஹாரிக்கு 1,40,600 பவுண்டு வழங்கிய தீர்ப்பிலேயே, வேறு இருவரின் புகார் ஓரளவு நிரூபணமாகியும், முன்பே தெரிந்திருக்க வேண்டியது என்ற காரணத்தால் காலாவதி என்று தள்ளுபடியானது. செய்தியில் உங்கள் பெயரும் வேறு யாரும் அறியாத விவரமும் வந்த நாளையே தொடக்கமாக வைத்து நாட்களை எண்ணி வழக்கறிஞரிடம் போங்கள்.