கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்களா? முதலில் என்ஜினைக் கழுவச் சொல்லுங்கள்

"அண்ணே, ரியர் சீல் போயிருச்சாம், கியர்பாக்ஸ இறக்கணுமாம்." பழைய காடி வைத்திருப்பவர்களில் பலர் இந்தத் தீர்ப்போடுதான் என் பட்டறைக்குள் நுழைகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், எங்கோ ஒரு பட்டறையில் காடியை ஜாக்கியில் தூக்கி, டார்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். ரியர் சீல் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அதன் விலை பெரிதாக இருக்காது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பல நூறு வெள்ளியைத் தின்னும். அவ்வளவும் கொடுத்துவிட்டு, மறு மாதமும் அதே இடத்தில் கறுப்பாகச் சொட்டுவதைப் பார்த்து நொந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய காடிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: பழைய சாகா, வீரா, கஞ்சில், 2005இல் வந்த முதல் மைவி. எல்லாமே உழைக்கிற என்ஜின்கள். ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஓடும் என்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். அந்தச் சூட்டிலேயே பத்துப் பதினைந்து வருடம் கிடந்த ரப்பரைக் கழற்றிக் கையில் எடுத்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும், வளைத்தால் ஒடியும். மாலை நேர நெரிசலில் ஜாலான் ஈப்போவில் காற்றே படாமல் ஊர்ந்து வரும்போது பானெட்டுக்குள் வெப்பம் இன்னும் கூடுகிறது. அதனால் பழைய என்ஜின் கசிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்கிருந்து கசிகிறது என்று தெரிவதற்கு முன்னால் பணத்தை எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆயில் கீழ்நோக்கி ஓடும். காடி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கமாகவும் தள்ளும். என்ஜின் உச்சியில், வால்வ் கவர் ஓரத்தில் கசிகிற ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பில் வந்து நிற்கும். அங்கிருந்துதான் தரையில் சொட்டும். உண்மையிலேயே ரியர் சீல் போனாலும் அதே விளிம்பில்தான் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அழுக்குப் பிடித்த என்ஜினைக் கீழிருந்து மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிற ஃபோர்மேனை நான் நம்பமாட்டேன், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

அதற்கும் முன்னால், சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவு காடியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையைப் போடுங்கள். முன் டயர் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தப் பக்கம், எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பழுப்பு அல்லது கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியர் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ. பச்சையோ இளஞ்சிவப்போ ஆகி, தொட்டால் தண்ணீர் போலவும் லேசான பிசுபிசுப்போடும் இருந்தால் ரேடியேட்டர் கூலண்ட். நிறமே இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏர்கோன் தண்ணீர், நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது கொட்டியே தீரும். அதைப் பார்த்துப் பயந்து டோ லாரியில் காடியை ஏற்றிக்கொண்டு வந்த ஆன்ட்டி ஒருவருக்கு மைலோ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

என்ஜின் ஆயில்தான் என்று உறுதியானால் அடுத்த வேலை கழுவுவது. கண்டுபிடிக்கும் வேலையில் பாதி இதில்தான் முடிகிறது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், அப்புறம் அல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். டிகிரீசர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெதுவான தண்ணீரில் அலச வேண்டும். கார் வாஷில் இருப்பது போன்ற உயர் அழுத்த பைப்பை என்ஜினுக்குள் நீட்டாதீர்கள். ஒயர் இணைப்புகளில் தண்ணீர் புகுந்தால் ஆயில் கசிவோடு வந்த காடி ஸ்டார்ட்டும் ஆகாமல் நிற்கும். தண்ணீர் படக்கூடாத மூலைகளுக்குத் துணியும் பிரேக் கிளீனரும் போதும்.

காய்ந்த பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தெரிகிற இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் மூலம். ஒரு சுற்றில் தெரியாவிட்டால் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். கசிவு மிகச் சிறிதாக இருந்தால் ஆயிலில் கலக்கும் யூவி சாயம் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கொஞ்சம் ஊற்றி ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த வழி மஞ்சள் பச்சையாக ஒளிரும். விலையும் அதிகமில்லை. இன்னும் பல பட்டறைகள் இதை வாங்கி வைக்காமல் இருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

என் கைக்கு வரும் காடிகளில் முதல் குற்றவாளி பெரும்பாலும் வால்வ் கவர் காஸ்கெட், அதாவது கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு. கசிகிறது என்று யாராவது நட்டை இன்னும் முறுக்கியிருப்பார்கள். இறுகிப்போன ரப்பரை மேலும் நசுக்கினால் அது வெடிக்கும், கவர் வளையும், அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். பல என்ஜின்களில் இந்த நட்டுகளுக்குச் சொல்லப்படும் முறுக்கு 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான், சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து முறுக்குகிற அளவு. பிளக் ஆழமான குழிக்குள் உட்காரும் என்ஜினாக இருந்தால் அந்தக் குழிகளைச் சுற்றியுள்ள சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அவை போனால் ஆயில் வெளியே வராது, பிளக் குழிக்குள் தேங்கும். காடி உதறும், காயில் கெடும். உதறலுக்காகக் காயில் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர். பல பழைய என்ஜின்களில் அது ஹெட்டின் (என்ஜின் மேல்பாகத்தின்) கியர்பாக்ஸ் பக்க முனையில் செருகியிருக்கும். அதன் கழுத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. அது இறுகினால் ஆயில் நேராகக் கியர்பாக்ஸ் தலைமேல் சொட்டி, சுற்றி ஓடி, அதே விளிம்பில் வந்து நிற்கும். கீழிருந்து பார்த்தால் அப்பட்டமான ரியர் சீல் கசிவு! ஓ-ரிங் சில வெள்ளிதான். ஆனால் கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த நிலையைக் கோடு போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டைமிங் மாறிவிடும். ஆயில் பிரஷர் சுவிட்சும் இப்படித்தான் ஏமாற்றும். அதன் உள்ளே இருக்கும் தகடு கிழிந்தால் ஒயர் செருகும் இடத்திலிருந்தே ஆயில் வரும். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் நின்றால் சுவிட்சை மாற்றினால் போதும்.

சர்வீஸ் முடிந்து ஓரிரு நாளில் புதிதாகச் சொட்ட ஆரம்பித்தால் அதிகம் தேட வேண்டாம். ஆயில் ஃபில்டரையும் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) நட்டையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருப்பார்கள். இது உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டிய விஷயம், ஏனென்றால் அழுத்தத்தில் இரட்டை வளையம் பிதுங்கினால் சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில் இருக்கும். சம்ப் நட்டில் வாஷர் மாற்றாமல் விட்டிருக்கலாம், மரை போயிருக்கலாம்.

எந்த சீலை மாற்றுவதற்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைத்தான் அதிகம் பேர் பார்ப்பதில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை உறிஞ்சி, என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்கு மீண்டும் அனுப்புவதுதான் பிசிவி வால்வின் வேலை. கரி பிடித்து அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒன்றை மாற்றினால் அடுத்தது கசியும், அதை மாற்றினால் மூன்றாவது. "ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் இல்லண்ணே, கெந்திங் மலை ஏறிட்டு வந்தாதான் சொட்டுது" என்று ஒரு தம்பி சொன்னபோது நான் முதலில் கை வைத்தது பிசிவி வால்வில்தான். மேடு ஏறும்போது என்ஜின் அதிகமாக உழைக்கும், கீழே இறங்கும் வாயுவும் கூடும். சோதிப்பது சுலபம். என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வை கவரிலிருந்து உருவி, அதன் வாயில் விரலை வைத்தால் உறிஞ்ச வேண்டும். பெரும்பாலான வகைகளைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள், குழாயையும் சுத்தம் செய்யுங்கள். வால்வ் நன்றாக இருந்தும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த என்ஜினுக்கு சீல் மாற்றிப் பயனில்லை என்று வாடிக்கையாளரிடம் நேராகவே சொல்லிவிடுவேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றப்பட்டிருந்தாலும் தொல்லைதான். கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும்.

கசிவை அடைக்கப் பூசும் சிலிக்கான் பசையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காஸ்கெட் போட வேண்டிய இடத்தில் காஸ்கெட்தான் போட வேண்டும். கேம் மூடி ஹெட்டில் சேரும் மூலைகளில் ஒரு பொட்டு சிலிக்கான், சம்ப் போன்ற இடங்களில் கம்பெனியே சொல்லியிருந்தால் மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான். புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதுபோல் தாராளமாகப் போட்டால் உள்பக்கம் பிதுங்கிய துண்டுகள் ஆயிலில் விழுந்து பம்பின் சல்லடையை அடைக்கும். இரண்டு பக்கமும் ஆயில் துளியும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். டியூபில் எழுதியிருக்கும் நேரம் வரை காய விட வேண்டும். "இப்பவே வேணும், தௌக்கே" என்று நீங்கள் அவசரப்படுத்தினால், காயாத சிலிக்கானில் ஆயில் ஊற்றப்படும், இரண்டு வாரத்தில் திரும்பி வருவீர்கள். இதில் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது.

கசிவை அடைக்கும் மருந்து பாட்டில்கள் வேலை செய்யுமா என்று கேட்கிறார்கள். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்பி மிருதுவாக்கும் ரசாயனம் அவற்றில் இருக்கிறது. வியர்வை போன்ற லேசான கசிவுக்குச் சில காலம் தாங்கலாம். கிழிந்த காஸ்கெட், பிய்ந்த மரை, பள்ளம் விழுந்த ஷாஃப்ட் எதற்கும் உதவாது. கெட்டியான ஆயிலுக்கு மாறினால் சொட்டு குறையும் என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் உங்கள் காடியின் புத்தகம் அனுமதிக்கும் கெட்டித்தன்மை எண்ணைத் தாண்டிப் போகாதீர்கள்.

சில கசிவுகளைத் தள்ளிப்போடவே கூடாது. எக்ஸாஸ்ட் மேல் சொட்டி, நிறுத்தியதும் தீய்ந்த வாடையும் புகையும் வந்தால் அது தீப்பிடிக்கும் விஷயம். கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் சேர்த்துச் சுழற்றும் டைமிங் பெல்ட் பக்கத்தில் கேம் சீல், கிராங்க் சீல் கசிந்து பெல்ட் நனைந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெல்ட் பல் உரிந்தால் சில என்ஜின்களில் வால்வே வளைந்துவிடும். அதனால் டைமிங் பெல்ட் மாற்றும்போதே அந்த சீல்களையும் மாற்றிவிடுவது மிச்சம், கூலி ஒரு தடவைதான். முதல் மைவியில் பெல்ட் இல்லை, செயின் என்பதால் இந்தப் பயம் இல்லை. என்ஜின் மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் பூட் மேல் ஆயில் படிந்தால் அந்த ரப்பர்களும் ஊறிக் கெடும். மற்றபடி வெறும் ஈரமாக, சொட்டாமல் இருக்கும் கசிவை டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம். பல காடிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். வாரம் ஒரு தடவை, சமதரையில், என்ஜின் ஆறியதும் பாருங்கள். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது எரியும்போது அழுத்தமே போயிருக்கும். எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். பக்கத்து பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் பழைய என்ஜின் விற்கும் ஹாஃப்கட் கடையில் போய் நிற்கிறார்கள்.

சரி, மேலே எல்லாம் காய்ந்து கிடக்கிறது, பிசிவி நன்றாக இருக்கிறது, கழுவி ஓட்டிய பிறகும் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்றால், அப்போது ரியர் சீல்தான். மேனுவல் காடியில் கிளட்ச் வழுக்குவதும் சேர்ந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆட்டோ காடியில் மட்டும் வருவது சிவப்பா கறுப்பா என்று இன்னொரு தடவை பாருங்கள், கியர்பாக்ஸின் சொந்த சீலும் அங்கேதான் இருக்கிறது. இறக்குவது முடிவானால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் தேய்மானத்தையும் பார்த்து அப்போதே முடித்துவிடுங்கள். கிராங்கில் பழைய சீல் உரசிப் பள்ளம் போட்டிருந்தால் புது சீலைக் கொஞ்சம் ஆழம் மாற்றி உட்கார வைக்க வேண்டும், அல்லது மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். கழற்றிய பழைய சீலையும் பள்ளத்தின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல பட்டறை முகம் சுளிக்காது.

வீட்டில் நீங்களே ஆயில் மாற்றுகிறவராக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய மசகு எண்ணெய் மலேசியச் சட்டத்தில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது. பாட்டிலில் அடைத்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். காடியை விற்கும் எண்ணம் இருப்பவர்கள் பெயர் மாற்றுவதற்காகப் புஸ்பாகோம் போன்ற மையங்களில் நடக்கும் வாகனச் சோதனைக்கு முதல் நாள் மட்டும் அடியைக் கழுவிக்கொண்டு போவதைவிட, ஒரு மாதம் முன்னதாகவே கசிவைப் பார்த்துவிடுவது நல்லது. அடிப்பாகத்தையும் அங்கே பார்ப்பார்கள், கழுவிய என்ஜினிலும் சோதனை வரிசையில் நிற்கும் நேரத்தில் புதிய சொட்டு வந்துவிடும்.