இடுப்புக்கு மேலேயே நின்றுபோன சடை

“எண்ணெய் மாத்தியாச்சு, ஷாம்பூ மாத்தியாச்சு, முடி மட்டும் வளரவே மாட்டேங்கு டாக்டர்.” பாளையங்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ, தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது இதைத்தான். கையோடு ஒரு பை நிறைய எண்ணெய் புட்டிகளும் வரும். இந்த ஆடியில் அது அளவு மீறிப் போனதால் எழுதவேண்டியதாயிற்று.

முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் டை அடிக்கிற அம்மாவின் வகிட்டைப் பாருங்கள். அடித்த ஒரு மாதத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் வெள்ளை தெரியும். உங்கள் முடியும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வளர்கிறது, கறுப்பாக இருப்பதால் கண்ணில் படவில்லை. வேரில் 1 சென்டிமீட்டர் வளர்ந்து நுனியில் 1 சென்டிமீட்டர் ஒடிந்தால் சடை அங்கேயேதான் நிற்கும்.

இன்னொன்று, உடம்பு வைத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வளரும். பிறகு மூன்று மாதம் போல ஓய்ந்திருந்து உதிரும். 3 வருடம் வளர்கிற தலையில் 36 சென்டிமீட்டர், தோளைத் தாண்டிச் சற்று. 6 வருடம் வளர்ந்தால் 72, இடுப்பு. இந்தக் கால அளவு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. அக்காவுக்கு இடுப்பு வரை இருக்கிறதே என்று தங்கையைக் குறை சொல்லாதீர்கள்.

உங்களுக்கு எது, ஒடிவதா எல்லையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சீவும்போது விழுகிற முடிகளை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி விழுவது இயல்பு. குமிழ் இல்லாத துண்டு துண்டான முடி ஒடிந்தது. குமிழ் இருந்து, மறுமுனை கத்தரி படாமல் ஊசிபோல் கூர்ந்திருந்தால் அந்த முடியின் நீளந்தான் அதன் எல்லை. அதற்கு மேல் எந்த எண்ணெயும் இழுத்து நீட்டாது.

எண்ணெயைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. வெளியே தெரியும் முடித் தண்டு கெராட்டின் என்கிற உயிரில்லாத புரதம். நகத்துக்குச் சோறு ஊட்ட முடியுமா? முடிக்கும் முடியாது. வேருக்கு உணவு ரத்தத்தில்தான் வருகிறது. செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணி எதைக் காய்ச்சி ஊற்றினாலும் 3 வருட முடி 6 வருட முடியாகிவிடாது. அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் தண்டுக்குள் புகும். குளிக்கும்போது புரதம் கழுவிப்போவதைக் குறைக்கும். ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி எடுத்து, சடையின் கீழ்ப்பாதியில் தடவுங்கள். எல்லாரும் உச்சியில் ஊற்றிவிட்டு நுனியைக் காயவிடுகிறார்கள். பொடுகு இருப்பவர்கள் இரவெல்லாம் உச்சியில் எண்ணெய் வைக்கவே கூடாது. பொடுகுக் கிருமிக்கு அதுதான் தீனி.

60 சென்டிமீட்டர் சடையின் நுனிக்கு வயது 5. வாரம் இரண்டு குளியல் என்றால் ஐந்நூறு குளியல் கண்ட முடி அது. ஈர முடி எளிதில் இழுபட்டு ஒடியும். அதைத் துண்டால் அடித்து உலர்த்துவதையும் பேன்சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பதையும் இன்றோடு விடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏறுங்கள், சிக்குக்கு மேலே கையால் பிடித்துக்கொண்டு. சீயக்காய்த்தூளைச் சலிக்காமல் தேய்த்தால் அந்த நறநறப்பே முடியை உராய்ந்துவிடும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு உப்பு படிந்து முடி சொரசொரப்பாகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது இரண்டு செம்பு ஆற்றுத் தண்ணீர் எடுத்து வையுங்கள். ஆடிக் காற்றில் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு வண்டியில் போகாதீர்கள். பின்னி, துப்பட்டாவால் மூடுங்கள்.

நுனி வெடித்தால் பிளவு மேலே ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 சென்டிமீட்டர் வெட்டினால் 2 சென்டிமீட்டர் மிச்சம். வெட்டுவதால் வேர் வேகமாக வளராது, ஒடிவது நிற்கும்.

வகிடு அகன்றுகொண்டே போனால், அல்லது காய்ச்சலோ பிரசவமோ கழிந்து மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டினால் எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு பார்க்கவேண்டும். முடிக்கென்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; தைராய்டு முடிவையே அது தவறாகக் காட்டிவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை போடும்போது பிள்ளையின் புருவம் மேலே இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் அவிழ்த்துத் தளர்வாகப் பின்னுங்கள். நெற்றியோரத்தில் இப்போது மெலியும் முடி தளர்த்தினால் திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுத்த பிறகு வேர் தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடி முளைக்காது.